எச்சில் கோப்பு

சனிக்கிழமை மாலையானால் நதிக்கரை நகரமான பரானாவில், கூடைப்பந்து கிளப்பின் பின்னறையில் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவார்கள். வீட்டுக்கு முதல் கணினி வந்த காலத்துக் கேசட்டுகளைச் செருப்புப் பெட்டிகளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கேசட்டுகளில் இருப்பது பாட்டல்ல, விளையாட்டு. டேப் ரெக்கார்டரில் போட்டால் ஒரு நீண்ட கிறீச்சல்தான் கேட்கும். அந்தக் கிறீச்சலை லாப்டாப்பில் பதிந்து, இன்றைய கணினிக்குள் பழைய கணினியாக நடிக்கும் எமுலேட்டர் படிக்கிற கோப்பாக மாற்றுவதில் நெரினாவை மிஞ்ச அந்த மாகாணத்தில் ஆளில்லை. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள், மற்றவர்களும் மறுக்கவில்லை.

அவளுடைய வாயும் பிரசித்தம். பூட்டுக் கடை லாலோ ஒருமுறை பெருமையாக ஒரு ஸ்னாப்ஷாட்டைக் கொண்டுவந்தான். டேப்பை முதலிலிருந்து மாற்றாமல், ஆட்டம் ஏறி முடிந்த பிறகு கணினியின் நினைவகம் எப்படி இருக்கிறதோ அப்படியே உறையவைத்து எடுப்பதுதான் ஸ்னாப்ஷாட். சுலபம், சின்னது, சட்டென்று திறக்கும். ஆனால் எடுத்தவன் அதற்குமுன் என்ன செய்தானோ அதுவும் சேர்ந்து உறைந்துவிடும். லாலோவின் கோப்பைத் திறந்தால் வீரனுக்கு ஓர் உயிர்தான் பாக்கி, மதிப்பெண் பட்டியலில் ஐந்து வரியிலும் லாலோ, லாலோ, லாலோ.

"நீ தின்னுட்டு மிச்சம் வெச்ச தட்டை எனக்கு நீட்டுறியா? இது எச்சில் கோப்பு. போய் டேப்பைக் கொண்டா" என்றாள் நெரினா. அன்றிலிருந்து அந்த அறையில் ஸ்னாப்ஷாட்டுக்கு அதுதான் பெயர்.

அவளை அழைத்துப்போக அன்செல்மோ வருவான். சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பே வந்து, கிளப் வாசலில் சைக்கிள்கள் நிற்கும் கம்பியில் சாய்ந்திருப்பான். கல்யாணத்துக்கு முன்பும் அப்படித்தான், சினிமாவுக்கானாலும் பேருந்து நிலையத்துக்கானாலும் அவள் போய்ச் சேரும்போது அவன் அங்கே நின்றிருப்பான். நெரினாவின் தங்கைகள் தங்கள் கணவர்களைத் திட்டும்போது முதலில் இழுப்பது அவன் பெயரைத்தான். பூ வாங்கத் தெரியாத, பிறந்தநாளை மறக்கிற மனிதன்தான். ஆனால் என்னைக் காக்கவைத்ததில்லை என்று நெரினா சொல்லிக்கொள்வாள். அது தனக்கென்றே அவன் செய்து வைத்திருக்கும் ஒரு நகை என்று உள்ளுக்குள் நம்பியிருந்தாள்.

மாமனாரின் கார் கொட்டகையைக் காலி செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. அன்செல்மோ அதைச் சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நெரினா அவன் முகத்தைப் பார்த்தாள்.

விவியானா செய்தது என்றான். தொழிற்பள்ளியில் கூடப் படித்தவள், படிக்கும்போதே சொந்தமாக ஆட்டம் எழுதுவாள், இதை எனக்காக எழுதினாள் என்றான். இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவன் இரண்டோ மூன்றோ தடவை சொல்லியிருக்கலாம், தெருப் பெயர் சொல்வதுபோல. இப்போது அப்படிச் சொல்லவில்லை.

"இதை என் லாப்டாப்புல ஓடவெக்க முடியுமா, நெரி? ஊருக்கே செஞ்சு தர்றியே."

"முடியும்" என்றாள் நெரினா. வேறென்ன சொல்வது?

மறுநாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வந்தவள், அன்செல்மோ வீடு திரும்புமுன் உட்கார்ந்துவிட்டாள். டேப் ரெக்கார்டரின் சின்ன ஓட்டை வழியே திருப்புளியை விட்டு, டேப்பைப் படிக்கும் முனையின் திருகாணியை ஒலி கூர்மையாகும்வரை திருகினாள். யாருடைய டேப்பானாலும் அந்தத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவதில் அவளுக்கு ஓர் ஆனந்தம் உண்டு. அன்று கை மட்டும் வேலை செய்தது.

பதிந்ததை எமுலேட்டரில் ஏற்றினாள். திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகப் பட்டைகள் ஓடின. நடுவே படம் வரத் தொடங்கியது. அந்தப் பழைய கணினியில் படம் மொத்தமாக வராது. மேல் பகுதியில் கோடு கோடாக, பிறகு கோடுகளுக்கு நடுவே கோடுகளாக நிரம்பி, பிறகு நடுப்பகுதி, பிறகு அடிப்பகுதி. எல்லாம் கறுப்பு வெள்ளையில் முடிந்த பின்புதான் நிறங்கள் கட்டம் கட்டமாக வந்து உட்காரும். ஒரு சைக்கிள் தெரிந்தது. அதை ஓட்டும் பையன் தெரிந்தான். பெரிய காது, அன்செல்மோவின் காது. சைக்கிளின் முன்கம்பியில் ஒரு பெண், முகம் திரும்பி அவனைப் பார்த்தபடி. பின்னால் நதி. அடியில் ஒரு வரி: எப்போதும் தாமதமாக வரும் அன்செல்மோவுக்கு.

கடைசியில் நிறம் வந்தது. பெண்ணின் பாவாடை சிவந்தது.

நெரினா அந்த வரியை மறுபடி படித்தாள். தாமதமாக வருகிற அன்செல்மோவா? அப்படி ஒருவனை அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒருவனை இன்னொருத்தி சைக்கிள் கம்பியில் உட்கார்ந்துகொண்டு பார்த்துச் சிரிக்கிறாள்.

ஆட்டமும் அதுதான். பையன் நதிக்கரைச் சாலையில் நாய்களையும் பந்து விளையாடும் பயல்களையும் பாதிரியார்களையும் தாண்டிப் படகுத்துறைக்குப் போய்ச் சேர வேண்டும். துறையில் சிவப்புப் பாவாடைக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாள். தாமதமானால் திரும்பி நடந்துவிடுவாள். மதிப்பெண் பட்டியலில் மேலே நான்கு வரியும் விவி. ஐந்தாவது வரியில், பரிதாபமான ஓர் எண்ணோடு, அன்செல்மோ.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதிலாக நிரலைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். நதியின் அலை துளிகூட நடுங்காமல் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான். பார்த்த பிறகு பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அதே வயதில் நெரினாவும் எழுதினாள். அவளுடைய ஆட்டத்தில் ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தைத் துரத்தும், அதுவும் விட்டுவிட்டு. இவளோ திரை எந்த நொடியில் புதுப்பிக்கப்படுகிறது என்பதைப் பிடித்து, அந்த இடைவெளிக்குள் நதியை நகர்த்தியிருக்கிறாள். அழகி என்றால் பொறுத்துக்கொள்ளலாம், கெட்டிக்காரியாகவும் இருந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

நெரினா விளையாட ஆரம்பித்தாள். தோற்றாள். மறுபடி விளையாடினாள். பாத்திரம் கழுவவில்லை, தொலைபேசி அடித்ததை எடுக்கவில்லை. பாதிரியார்கள் எந்த வாசலிலிருந்து வருகிறார்கள் என்பது விரல்களுக்குப் பழகியது. கடைசியில் விவியின் முதல் எண்ணைத் தாண்டியபோது திரை அவளிடம் பெயர் கேட்டது. நெரி என்று அடித்தாள், கிளப்பில் யாரோ தோளைத் தட்டியதுபோல ஒரு குளிர்ச்சியோடு.

வாசலில் சாவிச் சத்தம் கேட்டது. மணி பார்க்கத் தேவையில்லை, அன்செல்மோ சொன்ன நேரம்தான்.

முழு டேப்பும் ஒரு பிசகில்லாமல் மாற்றப்பட்டு, கோப்பாக அவள் முன்னே இருந்தது. அதைக் கொடுத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தச் சைக்கிள் கோடு கோடாக வரும், அந்தப் பாவாடை சிவக்கும். அழிக்க மனம் வரவில்லை. அவள் யாருடைய டேப்பையும் அழித்தவளல்ல. அதை ஓர் உள்ளறைக் கோப்புறையில் தள்ளினாள். பிறகு, திரையில் ஆட்டத்தின் முதல் பக்கம் நின்றுகொண்டிருந்த அந்த நொடியை உறையவைத்து, பென்டிரைவில் போட்டாள். சட்டென்று திறக்கும், படம் வராது.

ஞாயிறு காலை அன்செல்மோ மாத்தே தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திறந்தான். முதலில் ஒரு படம் வருமே என்று கேட்டான். டேப்பில் அந்த இடம் கெட்டுப்போயிருக்கிறது, பழைய கேசட்டுகளில் அப்படித்தான் ஆகும் என்றாள் நெரினா. அவன் வாதாடவில்லை. ஆட்டத்தில் நாய்களையே தாண்ட முடியாமல் விழுந்து, தன்னைத்தானே கேலி செய்துகொண்டு, லாப்டாப்பை மூடிவிட்டு, மாத்தேயில் வெந்நீர் ஊற்றி அவளுக்குக் கொடுத்தான். சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நம்பிவிட்டானே.

அடுத்த சனிக்கிழமை அவன் கிளப் வாசலில் நிற்காமல் உள்ளேயே வந்துவிட்டான். நெரினா அறைக்கோடியில் யாருடைய டேப்புக்கோ திருகாணி திருப்பிக்கொண்டிருந்தாள். தலையில் ஹெட்ஃபோன் இருந்ததால் அவனைக் கவனிக்கவில்லை. அதைக் கழற்றியபோது படகுத்துறை ஆட்டத்தின் மெட்டு காதில் விழுந்தது. அன்செல்மோ பென்டிரைவை லாலோவிடம் கொடுத்திருந்தான். மனைவிக்குத் தெரியாமல் ஓர் ஆச்சரியம் தர நினைத்தான் போல. படம் மட்டும் கெட்டுவிட்டதாம், அவளே கைவிட்டுவிட்டாள், உனக்கு ஏதாவது வழி தெரியுமா என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"படம் கெட்டிருந்தா ஆட்டமே ஏறியிருக்காதே" என்றான் லாலோ. "நடுவுல ஒரு இடம் தப்பினாலும் கணினி அங்கயே நின்னு தப்புன்னு சொல்லிடும். தப்பாமத்தான் ஏறியிருக்கு. இது..."

ஆட்டம் முடிந்து மதிப்பெண் பட்டியல் வந்தது. முதல் வரியில் நெரி. அதற்குக் கீழே விவி, விவி, விவி, விவி. இடமில்லாமல் அன்செல்மோ பட்டியலை விட்டே போயிருந்தான்.

லாலோ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"தாயே! எச்சில் கோப்பு! அதுவும் யாரு கையால! எல்லாரும் வந்து பாருங்கடா, மகாராணி சாப்பிட்ட தட்டு!"

அறை முழுக்கச் சிரித்தது. நெரினாவும் சிரிக்கப் பார்த்தாள். அன்செல்மோ சிரிக்கவில்லை. திரையில் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பென்டிரைவை உருவி, சட்டைப்பையில் போட்டு, நன்றி சொன்னான்.

இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நதிக்கரைச் சாலையில் பயல்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நெரினா பையைக்கூட இறக்கவில்லை. உள்ளறைக் கோப்புறையிலிருந்து முழு டேப்பை எடுத்து, எமுலேட்டரில் போட்டு, அவனுக்கு நாற்காலியை இழுத்துவிட்டாள். வேகமாக ஏற்றலாம், ஒரு விசைதான். அவள் அதைத் தொடவில்லை. கிறீச்சல் எழுந்தது. நீலமும் மஞ்சளும் ஓடின. படம் கோடு கோடாக இறங்கியது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தில் அந்த வெளிச்சம் மாறுவதைப் பார்த்தாள். நிறம் வந்தபோது அவன் உதடு லேசாக அசைந்தது. அடிவரியைப் படித்தான்.

"காதை எவ்வளவு பெருசா போட்டிருக்கா பாரு" என்றான்.

"நீ லேட்டா போவியா?"

"எப்பவும். மழையில நிக்கவெச்சிருக்கேன். அவ பரீட்சை அன்னிக்குக்கூட."

"என்னை ஒருநாளும் நிக்கவெச்சதில்லையே நீ."

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதன், அதுதான் அவனிடம் இருந்த கஷ்டம்.

"அவ ஒருநாள் காத்திருந்து பாத்துட்டுப் போயிட்டா, நெரி. திரும்ப வரவே இல்ல. அதுக்கப்புறம் நான் யாருக்குமே லேட்டா போனதில்ல."

சொல்லிவிட்டு, அவள் கன்னத்தைப் புறங்கையால் தொட்டான். பசிக்கிறதா என்று கேட்டான். மாவு பிசைந்து தோர்த்தா ஃப்ரித்தா பொரிக்கிறேன் என்று சமையலறைக்குப் போனான். அவனுக்கு அது பழைய கதை. சொல்லி முடித்ததும் முடிந்துவிட்டது.

நெரினா அப்படியே உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்து கழுத்தில் போட்டுக்கொண்டிருந்த நகையை யாரோ கழற்றி, உள்பக்கத்தில் பொறித்திருந்த பெயரைக் காட்டியதுபோல இருந்தது. சினிமா வாசலில் நின்றது, பேருந்து நிலையத்தில் நின்றது, ஆஸ்பத்திரி நடைபாதையில் அவளுக்கு முன்பே வந்து நின்றது, எல்லாம் அந்தச் சிவப்புப் பாவாடைக்காரி செய்துவிட்டுப் போன வேலை. அதுவும் துளிகூட நடுங்காமல்.

திரையில் ஆட்டம் ஏறி முடிந்திருந்தது. யாரும் தொடாததால் அதுவாகவே மதிப்பெண் பட்டியலைக் காட்டியது. விவி, விவி, விவி, விவி, கீழே அன்செல்மோ. டேப்பிலிருந்து வந்தது அல்லவா, சுத்தமான பிரதி. இனி எத்தனை முறை ஏற்றினாலும் இப்படித்தான் வரும். நெரி என்று ஒருத்தி அதில் எங்கும் இல்லை.

சமையலறையிலிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. சாப்பிட வா, சூடாக இருக்கிறது என்று அன்செல்மோ கூப்பிட்டான்.

"இதோ வரேன்" என்றாள். நாற்காலியை முன்னே இழுத்து, விரல்களை விசைகளில் வைத்தாள். பையன் சைக்கிளை மிதிக்கத் தொடங்கினான். துறையில் சிவப்புப் பாவாடைக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.