ஒருவரும் ஏறாத மலையின் பட்டியல்

“சேர், கருங்காலிமலைக்கு ஏற எனக்குப் பாஸ் எடுத்துத் தாங்கோ.”

இக்னேசியஸ் பேனையை மூடினார். மலைக்காட்டுப் பூங்காத் திட்டத்தின் திருகோணமலைக் கந்தோருக்கு அவர்தான் பொறுப்பு. குணேஸ்வரி வேலைக்கு வந்த முதல் நாளே அவர் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்றுதான்: எதையும் கேட்கலாம், பாஸ் மட்டும் கேட்கக்கூடாது. எண்பத்தாறில் மலையுச்சியில் ஆமிக் காம்ப் வந்தது. தொண்ணூற்றொன்றில் பாஸ் கேட்டுப் போன கந்தோர் உத்தியோகத்தர் தம்பிராசாவைப் பதினெட்டு நாள் வைத்து விசாரித்தார்கள். திரும்பி வந்த மனுசன் பிறகு மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆனால் மலையின் மரங்களையும் பறவைகளையும் வருடாவருடம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பியாக வேண்டும். தம்பிராசா குளிர்ப் பிரதேசமான நுவரெலியாப் பக்கத்துப் பூங்காவின் புத்தகத்தை எடுத்து அப்படியே பார்த்தெழுதினார். மலையென்றால் எல்லாம் மலைதானே.

அந்தப் பட்டியல்தான் ஏழு வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் குறிஞ்சி இருந்தது. குளிரில் மட்டும் வாழும் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி இருந்தது. இந்த வெயில் மலையில் உண்மையில் நிற்கிற பாலை, வீரை, முதிரை ஒன்றும் இல்லை. போன வருடம் அதை நம்பி, மலையடியில் நடச் சொல்லிக் கொழும்பிலிருந்து லொறி நிறையக் குறிஞ்சிக் கன்று வந்தது. வைகாசி வெயிலில் ஒன்பது நாளில் கருகியது. ‘தண்ணீர் போதவில்லை’ என்று அறிக்கை போனது.

இந்த முறை குணேஸ்வரி கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் அடுத்த மாதம் வேலை நிரந்தரம். சண்டையில் திரியாய்க் கிராமத்தை விட்டு வந்து அன்புவழிபுரத்தில் வாடகைக்கு இருக்கிற ஐந்து பேருக்கும் அவள் சம்பளம்தான் சோறு. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள், படித்தது தாவரவியல்.

“பாஸ் ஏலாது பிள்ளை. சொன்னனானெல்லோ.”

“அப்ப கையெழுத்தும் ஏலாது சேர்.”

“போன வருசம் நான் வச்சனான். என்ர கை என்ன அழுகிப் போச்சோ?”

“நீங்கள் கணக்கியல் படிச்சனீங்கள். உங்களுக்குக் குறிஞ்சியும் ஒண்டுதான், கீரையும் ஒண்டுதான்.”

தட்டச்சு மேசையில் நஜ்முன் நிஸா சிரிப்பை இருமலாக்கினாள்.

“உந்த வாய்க்குத்தான் கொப்பர் விறகு வெட்டிப் படிப்பிச்சவரோ?”

“ஓம் சேர். அப்பா உந்த மலையிலதான் வெட்டினவர். முக்கால்வாசி வீரை. லிஸ்டில வீரையே இல்லை. அப்ப அவர் என்னத்தை வித்தவர்?”

இக்னேசியஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் இறங்கியது.

“பிள்ளை, உம்மட பேர் காம்புக்குப் போனால் அவங்கள் மரத்தைப் பற்றிக் கேக்கமாட்டாங்கள். ஊரைத்தான் கேப்பாங்கள். திரியாய் எண்டுவீர், புலி எண்டுவாங்கள். பிறகு உம்மைத் தேடி நான் எங்க போறது?”

அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

“சரி. பாஸ் வேண்டாம்.”

அவர் ஆறுதலாகப் பேனையை நீட்டினார். ‘நேரில் கண்டது’ என்ற நிரல் முழுக்கச் சரி அடையாளம் போட்டிருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக வெட்டினாள். கீழே எழுதினாள்: ‘1991 முதல் இக்கந்தோரிலிருந்து யாரும் இம்மலையில் ஏறவில்லை. இதிலுள்ள எதையும் நான் பார்க்கவில்லை.’ கையெழுத்து வைத்தாள். பட்டத்தையும் விடாமல் எழுதினாள்.

“இது போனால் உமக்கு நிரந்தரம் கிடைக்காது.”

“தெரியும்.”

“எனக்கு விசாரணை வரும்.”

“அதுவும் தெரியும் சேர்.”

“வச்சிட்டுப் போம். நாளைக்குக் கதைப்பம்.”

குணேஸ்வரி தாளை மடித்து உறையில் போட்டு, கதிரையைத் தள்ளிவிட்டுத் தபாற்கந்தோருக்கு நடந்தாள். உறையில் கொழும்பு விலாசமும் முத்திரையும் காலையிலேயே இருந்தன.