போணிக்கு முன்னால் வந்தவன்

"குக்கர் எத்தன லிட்டர்?" என்று பாத்திரக்கடை சின்னச்சாமி முந்தின நாள் கேட்டபோது, ஐந்து என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். வாங்கிப் போன ரப்பர் வளையம் மூடியில் உட்காரவில்லை. என் குக்கர் மூன்று லிட்டர்.

என் மனைவியும் மகள் வர்ஷினியும் இன்று காலை ஓசூரிலிருந்து வருகிறார்கள். திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், விளாங்குடியில் நான் தனியாகத் தங்கியிருக்கும் அறைக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போவதாக ஏற்பாடு. மாதக்கணக்காக இருவரையும் பார்க்கவில்லை. என் கையால் பொங்கல் என்று சொல்லியிருந்தேன். அந்தக் குக்கரை விட்டால் என்னிடம் இருப்பது டீ போடுகிற பாத்திரம்தான். அரிசி பருப்பைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

சின்னச்சாமி சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது சேரல. மூணு லிட்டருக்குக் குடுங்க."

"மாத்தித் தாரேன். செத்த நில்லுங்க, இன்னும் போணி ஆகல."

"நான்தான் போணின்னு வச்சுக்குங்க."

"திருப்பிக் குடுக்குறதப் போயி எவனாச்சும் போணிம்பானா?"

"சரி, இத நீங்களே வச்சுக்குங்க. புதுசா ஒண்ணு வாங்கிக்கிறேன்." போனை எடுத்தேன்.

"போணிக்கு போனு ஆகாதுண்ணே. காசக் கையில வாங்கிக் கண்ணுல ஒத்தணும்ல."

பையில் நோட்டே இல்லை. தெருமுனை ஏடிஎம் கதவில் 'பணம் இல்லை' என்று அட்டை தொங்கியது. டீக்கடையில் கேட்டேன். போனில் போட்டுவிடுகிறேன், நோட்டாகத் தாருங்கள் என்று.

"நானே சில்லறைக்குத் தெருவப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், மாப்ள" என்றார் டீ மாஸ்டர்.

திரும்பி வந்தபோது ஒரு பெண் கடைப்படி ஏறினார். சின்னச்சாமி முகம் மலர்ந்து, "வாங்க சீனியம்மாக்கா" என்றார். அவர் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார்.

"மூடி நிக்க மாட்டேங்குது. வேற குடு."

"காலங்காத்தால எல்லாரும் திருப்பிக் குடுக்கவே கெளம்பி வாரீகளா?"

"நீ ஒழுங்கா வித்தா நாங்க ஏன் வாரோம்?" அவர் படியிலேயே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க எதாச்சும் வாங்கி முடிச்சு விடுங்களேன்."

"கையில காசு இல்லக்கா."

"என்ட்டயும் இல்ல. பஸ்ஸுதான் பொம்பளைகளுக்குச் சும்மாவாச்சே, பர்ஸ வீட்லயே போட்டுட்டு வந்துட்டேன்."

வேறு வழி தெரியாமல் ரோட்டோரம் நின்று, போகிற வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். "சார், ஒரு ஸ்பூன் வாங்கிட்டுப் போங்க." ஒருவரும் நிற்கவில்லை. டீ மாஸ்டர் அங்கிருந்தே, "என்ன சின்னச்சாமி, சம்பளத்துக்கு ஆள் வச்சுட்டியா?" என்றார்.

போன் அடித்தது. மனைவி.

"பஸ் சீக்கிரமே வந்துடுச்சு. ஆரப்பாளையத்துல நிக்கிறோம். பிள்ளைக்குப் பசி தாங்கல. பொங்கல் ஆயிடுச்சா?"

"இல்ல, கடையில இருக்கேன். குக்கருக்கு ரப்பர் வாங்கணும்."



"இன்னும் அடுப்பே பத்த வைக்கலையா? சரி விடுங்க. இங்கயே ஓட்டல்ல சாப்பிட்டுட்டு அப்படியே திருமங்கலம் பஸ் ஏறிடுறோம். முகூர்த்தத்துக்கு நேரமாயிடும்."

வர்ஷினி போனை வாங்கிக்கொண்டாள். "அப்பா, நான் பூரி சொல்லட்டுமா?"

"சொல்லும்மா. மெதுவாச் சாப்பிடு."

ரப்பர் வளையத்தைச் சீனியம்மாள் பக்கத்தில் வைத்துவிட்டு, வந்த ஆட்டோவை மறித்து ஏறினேன்.

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுண்ணே. எம்புட்டு நேரமாகும்?"

"எத்தன மணி பஸ்ஸு?"

"பஸ்ஸு இல்லண்ணே. பூரி தின்னு முடிக்கிறதுக்குள்ள போகணும்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முன்னால் நின்ற பால் வண்டிக்கு ஹாரன் அடித்தார்.