சாப்பாட்டு மேஜைக்குக் கீழே ஒரு பிரேக்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருடைய பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் ஏதாவது ஏடாகூடமாகச் செய்தால், இவர் வாயைத் திறக்கும் முன்பே கால் போய் அதை மிதித்துவிடும். இத்தனை வருஷத்தில் அந்த வண்டி ஒரு சுவரைக்கூட உரசியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். எனக்கும்தான், ஆனால் அதை அவரிடம் சொல்லி அவரைக் கெடுப்பானேன்.

சங்கடம் என்னவென்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கால் ஓய்வெடுப்பதில்லை. டிவியில் யாராவது படிக்கட்டில் கால் இடறப் போனால் இங்கே தரையில் டொம் என்று ஒரு மிதி விழும். அடுப்பில் பால் பொங்குவதைக் கவனிக்காமல் நான் போனில் பேசிக்கொண்டிருந்தாலும் டொம். அவரிடம் கேட்டால், "நானா? எப்போ?" என்பார். பொய் இல்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். உருவத்தில் சின்னவள், வாயில் காரம், அதனால் வீட்டில் மிளகு என்று பெயர். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டிய வருஷம். மிருக வைத்தியராக வேண்டும் என்பது அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஆசை. தெருவில் நொண்டுகிற நாய் ஒன்று போனால் போதும், இவள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாவதை மறந்துவிடுவாள். அதற்கு மேல்வகுப்பில் அறிவியல் கிடைக்க வேண்டும், அறிவியல் கிடைக்கக் கணக்கில் அறுபது மார்க்காவது வேண்டும். மற்ற பாடமெல்லாம் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. கணக்கு மட்டும் ஜென்ம விரோதி.

"கணக்கை நான் பாத்துக்கறேன்" என்றார் மாஸ்டர்.

பேச்சுக்குச் சொல்லிவிட்டு நழுவுகிற ஆள் இல்லை அவர். ஒரு பயிற்சி முடிந்து அடுத்த ஆள் வரும் வரை வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு, மகளுடைய கணக்குப் புத்தகத்தை ஸ்டீயரிங் மேல் வைத்துப் படிப்பார். தான் முதலில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார். சாயங்காலம் ஆனால் சாப்பாட்டு மேஜையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், காரில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்துவிடுவார்கள். குரலை உயர்த்தவே மாட்டார். எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது மட்டும் அந்தப் பொறுமை எங்கே போயிருந்தது என்று இன்றுவரை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மிளகு நன்றாகவே போட்டாள். கணக்குக்கு மேல் கணக்கு, கடைசி விடை வரைக்கும் சரி. மாஸ்டர் சட்டைக் காலரை மேலே தூக்கிவிடாத குறை. "பொண்ணுக்கு என் மூளை" என்று சொல்லிவிட்டு என் பக்கம் பார்ப்பார். நான் காதில் விழாத மாதிரி இருப்பேன்.

அப்புறம் மாதிரிப் பரீட்சை வந்தது. கணக்கில் முப்பத்தொன்று.

கணக்கு டீச்சர் எங்களைக் கூப்பிட்டு விடைத்தாளைக் காட்டினார்.

"எழுதினதுல பெருசா தப்பு இல்லைங்க. ஆனா எந்தக் கணக்கையும் முடிக்கல. ரெண்டு வரி, மூணு வரி, அதோட நிக்குது. அப்படியே பேனாவப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. என்னாச்சும்மான்னு கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்றா."

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார், "பயிற்சி போதல. இன்னும் ஒரு மணி நேரம் கூட உக்காரணும்." மிளகு தலையை ஆட்டினாள். அவள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. எதையோ சொல்ல வந்து விழுங்கிய முகம் அது.

என் வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க எதிரில் உட்கார்ந்திருக்கிறவர்களின் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் கண்ணாடி பொருத்துவேன். ஆனால் கடை விட்டு வந்தால் நேரே சமையல்கட்டு. சொந்த வீட்டு மேஜையில் நடப்பதை எட்டிப் பார்க்கக்கூட நேரம் இருந்ததில்லை. என்னை எட்டிப் பார்க்க வைத்தது கீழ் வீட்டு அக்கா. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர், சாயங்காலம் எங்கேயும் போகமாட்டார். மாடிப்படியில் என்னை மடக்கினார்.

"பாப்பாவுக்கு நேத்து கணக்கு சரியா வரலையோ?"

பரீட்சை மார்க் இதற்குள் கீழ் வீடு வரைக்கும் போய்விட்டதா என்று எனக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னாங்க?" என்றேன்.

"யாரு சொல்லணும்? மேல டொம்மு டொம்முன்னு விழுந்துக்கிட்டே இருந்துச்சே. நல்லாப் போட்ட நாள்ல ஒண்ணோ ரெண்டோதான் விழும். அன்னைக்கு நானும் நிம்மதியாத் தைப்பேன்."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

அன்று சாயங்காலம் சமையலை ஓரங்கட்டிவிட்டு, பழைய துணிகளை மடிக்கிற சாக்கில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மிளகு ஒரு வரி எழுதுவாள். பேனா நிற்கும். கண் தாளை விட்டு நகர்ந்து மேஜை ஓரத்துக்குப் போகும், ஒரு மூச்சு விடுகிற நேரம் அங்கேயே நிற்கும். ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த வரி. கீழே டொம் என்று கேட்டால் அப்பா வாயைத் திறப்பதற்குள் அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாள். மறுபடி காத்திருப்பாள். கணக்கை மகள் போடவில்லை, அப்பாவின் கால் போட்டுக்கொண்டிருந்தது.

இதை வாயால் சொன்னால் மாஸ்டர் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. "நானா? எப்போ?" என்பார். அதனால் மறுநாள் அவர் உட்காரும் முன் சோபாவிலிருந்து ஒரு தடித்த மெத்தையை உருவி மேஜைக்கடியில் அவர் கால் வைக்கிற இடத்தில் போட்டேன்.

"எதுக்கு இது?"

"தரை சில்லுன்னு இருக்கு. காலுக்கு இதமா இருக்கட்டும்."

இத்தனை வருஷத்தில் என்னிடமிருந்து இப்படி ஒரு கரிசனம் வந்ததில்லை. அவர் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார். ஆனாலும் காலை வைத்துக்கொண்டார்.

முதல் கணக்கில் மூன்றாவது வரியிலேயே மிளகு தப்பு செய்தாள். மெத்தையில் கால் அமுங்கியது, சத்தம் வரவில்லை. அவள் அடுத்த வரிக்குப் போனாள். மெத்தை மறுபடி அமுங்கியது. அவள் இன்னும் வேகமாக எழுதினாள். மாஸ்டருக்கு நெற்றி வேர்த்துவிட்டது. எட்டாவது வரியில் பொறுக்க முடியாமல், "ஏம்மா, இவ நிக்கவே மாட்டேங்கிறாளே" என்று என்னிடம் முறையிட்டார்.

"எப்படி நிப்பா? பிரேக் வேலை செய்யல இல்ல?"

நான் குனிந்து மெத்தையை வெளியே இழுத்துக் காட்டினேன். அவர் மெத்தையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார். மிளகின் காதுகள் சிவந்துபோயிருந்தன.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"முதல்ல தெரியலப்பா. பரீட்சை ஹால்ல உக்காந்தப்பதான் தெரிஞ்சுது. எழுதிட்டுக் காத்துக்கிட்டே இருந்தேன். சத்தம் வரல. சத்தம் வரலைன்னா சரின்னு அர்த்தம். ஆனா அங்க நீங்க இல்லையே. அப்போ சரியா, தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க மரத்தடியில வண்டிய நிறுத்திட்டு என் புத்தகத்தைப் படிக்கிறத ஸ்கூல் பஸ்ல போறப்ப பாத்தேன். எப்படிப்பா சொல்றது?"

மாஸ்டர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வெற்றி கொண்டாடத் தயாராக வைத்திருந்த வாயை மூடிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒத்தாசை பண்றேன்னு பண்ணி என் பொண்ணை நானே கவுத்துட்டேனே" என்றார்.

"கவுக்கல. கணக்கு அவளுக்குத் தெரியுது, அதுக்கு நீங்கதான் காரணம். தெரியுதுங்கிறதுதான் அவளுக்குத் தெரியல."

நானும் கம்பியில் சாய்ந்துகொண்டேன். பிறகு நான் கேட்டேன், "லைசென்ஸ் எடுக்கப் போறப்ப உங்க ஆளுங்க பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்க இல்ல? அவங்க எப்படி ஓட்டறாங்க?"

"அதுக்குத்தானே கடைசியில கொஞ்ச நாள் நான் சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காருவேன். என் கால் பிரேக் பக்கத்துல இல்லன்னு அவங்க கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் அவங்க கால் தானா வேலை செய்யும். அதுக்கு முன்னாடி எவ்வளவு சொன்னாலும்..."

வாக்கியத்தை முடிக்காமல் என்னைப் பார்த்தார். நான் தெருவில் ஏதோ சுவாரசியமாக நடக்கிற மாதிரி அந்தப் பக்கம் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து மாஸ்டர் சாப்பாட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் உடம்புக்கு அந்த நாற்காலி போதாது. இரண்டு முழங்காலும் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றன. மிளகு முதல் தப்பைச் செய்ததும் அவருடைய ஒரு முழங்கால் துள்ளியது. அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்த தப்புக்கு உதட்டைக் கடித்தார்.

மிளகு பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பா, உங்க மூஞ்சி பிரேக் போடுது."

"நானா? எப்போ?"

"இதோ இப்பக்கூட. புருவம் ரெண்டும் மேல போச்சு."

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கடைசியில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் முதுகுக்குப் பின்னால் போட்டு, அவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தோம். பள்ளிக்கூடத்தில் மூலையில் நிறுத்திவைத்த பையன் மாதிரி சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், ஐம்பதை நெருங்கும் மனுஷன்.

முதல் சில நாள் படுமோசம். அவள் வரிக்கு வரி மேஜை ஓரத்தைப் பார்த்தாள், அங்கே யாரும் இல்லை. ஒரு முறை அழுதே விட்டாள். சுவர்ப் பக்கமிருந்து, "தப்பாவே போனாலும் கடைசி வரைக்கும் போம்மா. இது வெறும் பேப்பர், இடிக்கறதுக்குச் சுவர் இல்ல" என்று குரல் வந்தது. எனக்கு அந்த நேரம் அவரை மிகவும் பிடித்தது.

அவள் போனாள். அப்பாவுக்கும் மகனுக்கும் வயது கண்டுபிடிக்கிற கணக்கு அது. கடைசி வரியை எழுதிவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, மகனுக்கு நாப்பத்தெட்டு வயசு வருது. அப்பாவுக்குப் பன்னண்டு."

"பரவாயில்ல, சீக்கிரமே கல்யாணம் பண்ணிட்டான் போல" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், விரலை வைத்து ஒவ்வொரு வரியாக மேலே போனாள். நாலாவது வரியில் விரல் நின்றது. "இங்கதான் மாத்தி எழுதிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு பாதத்தையும் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

ஒரு நாள் கீழ் வீட்டு அக்கா மேலே வந்து கதவைத் தட்டினார். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா? சத்தமே காணோமே."

பரீட்சை நாளும் வந்தது. பயிற்சி வண்டியிலேயே கொண்டுபோய் விட்டோம். நிறுத்தினதும் சொல்வதற்கு மாஸ்டரிடம் ஆயிரம் இருந்தது, எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார். மிளகு போனாள். நாங்கள் இருவரும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். நிறுத்தி வைத்த வண்டியிலும் அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார். நான் தடுக்கவில்லை. அன்றைக்கு அந்தக் காலுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கூட்டத்தில் சின்னதாக இருக்கிற தலையைத் தேடினேன். மிளகு நடந்து வந்து, கதவைத் திறந்து, பின் சீட்டில் பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறையாகப் பேசி வைத்திருந்தோம்.

"எல்லாக் கணக்கையும் முடிச்சிட்டேன்" என்றாள். "மூணாவது கணக்குல தப்பாப் போயிட்டேன்பா. பாதியில கண்டுபிடிச்சு அடிச்சிட்டுத் திரும்ப எழுதினேன்."

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டார் மாஸ்டர்.

மிளகு கொஞ்சம் வெட்கப்பட்டாள். "எழுதிக்கிட்டே இருந்தேன். தரையில டொம்முன்னு ஒரு சத்தம். ஹாலே திரும்பிப் பாத்துச்சு. மேற்பார்வைக்கு வந்த சார் என் பக்கத்துல வந்து, என்னம்மா காலுல ஏதாவது கடிச்சுதான்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"என் கால்தான்பா. எனக்கே தெரியல. சத்தம் கேட்டுத்தான் பேப்பரைப் பாத்தேன், தப்பு அங்கயே இருந்துச்சு."

மாஸ்டர் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன். இரண்டும்தான். அவர் முதுகில் தட்டி, "பொண்ணுக்கு உங்க மூளை இல்ல, உங்க காலு" என்றேன்.

மதிப்பெண் பிறகு வந்தது, எழுபத்திரண்டு. அவளுக்கு அறிவியல் கிடைத்தது. அன்று வண்டியில் இருந்தபோது அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் மகளைப் பார்த்து, தன் மாணவர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"பிரேக் போட்டதுக்கு அப்புறம் வண்டி திரும்பக் கிளம்புச்சா?"

"கிளம்புச்சுப்பா" என்றாள் மிளகு. "நானே கிளப்பிட்டேன்."