ஜன்னல் வழியே ஒரு கோப்பை டீ

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து வீட்டுக்காரருடையது. எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. அவர் தும்மினால் என் அலமாரியில் தட்டு அதிரும். ஆகவே நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்காமல் இருக்கத்தான் இங்கே மெனக்கெட வேண்டும். நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், யார்க்‌ஷரின் ஒரு சிற்றூரில், ஜப்தி செய்ய வந்த ஒருவர் முதியவரின் கதவை இடிபோல்—"

விட்டுவிட்டேன். அன்று மழை இல்லை. எங்கள் ஊருக்கு எப்போதாவது வாய்க்கும் சுத்தமான வெயில். தெருவுக்குக் குறுக்கே எல்லோரும் கொடி கட்டித் துணி போட்டிருந்தோம். நானும் போட்டுக்கொண்டிருந்தேன். (காய்ந்துபோன படுக்கை விரிப்பை எடுத்து மறுபடி போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போனால் மீதியைக் கேட்க முடியாதே.) இல்லாத மழையை ஏன் எழுதினேன் என்பது கடைசியில் வரும்.

இரண்டாவது தொடக்கம்: "கிளிஃபோர்டு ஓல்ட்ராய்ட் தன் வீட்டு வரியை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியிருந்தார்."

இதில் ஒரு அழகும் இல்லை. ஆனால் உண்மை. இதுவே இருக்கட்டும்.

2

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று, வந்த ஆளுக்கு மொட்டைத் தலையும் தடித்த கழுத்தும் கொடுத்திருந்தேன். நேரில் வந்த ரசலுக்கு மகரந்த ஒவ்வாமை. நடப்பதைப் பதிவு செய்ய நெஞ்சில் ஒரு சின்னக் காமிரா, கையில் கைக்குட்டை, சிவந்த மூக்கு. கதவைத் தட்டும் முன்னேயே மூன்று நான்கு தும்மல். தும்முகிற வில்லனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"மிஸ்டர் ஓல்ட்ராய்ட்? கவுன்சில் வீட்டு வரி பாக்கி விஷயமா வந்திருக்கேன். உள்ள வந்து பேசலாமா?"

நான் கொடியடியிலிருந்தே குரல் கொடுத்தேன். "கிளிஃபோர்டு, கதவைத் திறந்துடாதீங்க. ஒரு தரம் உள்ள விட்டுட்டா டிவியிலேருந்து எல்லாத்தையும் எழுதிக்குவாங்க. நாம விடாம அவங்களா உடைச்சுக்கிட்டு வர முடியாது."

ரசல் திரும்பிப் பார்த்தார். "அந்தம்மா வக்கீலா சார்?"

கதவிலிருந்த தபால் துளை திறந்தது. "அதுக்கும் மேல, தம்பி. பக்கத்து வீடு."

துளைக்குப் பின்னால் கிளிஃபோர்டின் கண்கள் தெரிந்தன.

"நான் கட்டிட்டேன் தம்பி."

"எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க."

"நான் எல்லாரும் இல்லையே."

"அதையும் சொல்றாங்க சார்." ஒரு தும்மல்.

"சளியா?"

"பூவுங்க வாசனை."

"சரி, டீ குடிக்கிறியா?"

இங்கேதான் சிக்கல். வாசலுக்கு வந்த ஆளுக்கு டீ கொடுக்காமல் அனுப்பும் வித்தை கிளிஃபோர்டுக்குத் தெரியாது. வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். தன் பேருந்தில் வந்து சீட்டுச் சோதித்தவருக்கும் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த ஆள். கொடுப்பதற்குக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் ஜப்தி.

மேலும் கீழும் நகரும் முன்னறை ஜன்னல் ஒரு கையளவு மேலே ஏறியது. இடுக்கு வழியாக முதலில் கோப்பை வந்தது. பிறகு, "சர்க்கரை?" என்ற குரல். "ரெண்டு" என்றார் ரசல். கரண்டி வந்தது. கடைசியாகத் தட்டில் பிஸ்கட்.

(இதை நான் கற்பனை செய்திருந்தால் நம்பும்படி இல்லை என்று அடித்திருப்பேன்.)

ரசல் குட்டைச் சுவரில் உட்கார்ந்து பிஸ்கட்டை நனைத்துத் தின்றார். சாமான்களைப் பட்டியல் போட வந்தவர், ஜன்னலுக்கு வெளியே விருந்தாளி ஆகிவிட்டார்.

3

இந்த இடத்தில் எனக்கே கிளிஃபோர்டு மேல் சந்தேகம் வந்தது. கட்டிவிட்டேன் என்பவர், எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தபோது ஏன் வாய் திறக்கவில்லை? வாசகர் கேட்பார். ரசலும் கேட்டார்.

"கடுதாசியே வரலையா சார்?"

"வந்திருக்கும். என் பேருக்கு வர்றதை நான் பிரிக்கிறதில்லை."

"ஏன்?"

"பிரிக்கிறது எனிட் வேலை. குப்பைத்தொட்டியை வெளிய வைக்கிறது என் வேலை. கல்யாணம் ஆன வாரமே பிரிச்சுக்கிட்டோம்."

"அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

நான் கொடியில் விரிப்பைப் பிடித்தபடி நின்றேன். கிளிஃபோர்டு ஜன்னல் கட்டையைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"போன வருஷத்துக்கு முந்தின குளிர்ல போயிட்டா, தம்பி."

ரசல் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, நெஞ்சிலிருந்த காமிராவின் மேல் கைக்குட்டையைச் செருகிக்கொண்டார். மூக்கைத் துடைக்க எடுத்ததுதான், இடம் மாறிவிட்டது என்று எழுத நினைத்தேன். இல்லை. தெரிந்தே செருகினார்.

இறந்தவளின் வேலையை இரண்டு குளிர்காலமாகக் காலியாகவே வைத்திருக்கும் மனிதரை என்ன சொல்வது? எங்கள் தெருவில் "பிடிவாதம்" என்றார்கள். நானும் அதையே சொல்லித் திரிந்தேன். இப்போது வேறு சொல் தேடுகிறேன்.

4

ரசல்தான் கவுன்சிலுக்குப் போன் போடச் சொன்னார். கிளிஃபோர்டுக்குக் காது மந்தம். போனை ஜன்னல் கட்டையில் வைத்து ஊருக்கே கேட்கும்படி திருகிவிட்டார். (நன்றி, கிளிஃபோர்டு.) வெகுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண்குரல், அலுப்பில்லாத குரல்.

"பணம் வந்திருக்கு சார். மாசாமாசம் வந்திருக்கு. ஆனா உங்க கணக்குக்கு இல்லை. எனிட் ஓல்ட்ராய்ட்ங்கிற பேர்ல இருக்கிற பழைய கணக்குக்கு."

கதை இவ்வளவுதான். எனிட் இறந்ததும் கவுன்சில் அதே வீட்டுக்குக் கிளிஃபோர்டு பேரில் புதுக் கணக்குத் திறந்தது. வங்கியோ, எனிட் எப்போதோ எழுதிக் கொடுத்தபடி, இருவரின் பொதுக் கணக்கிலிருந்து பணத்தை அவளுடைய பழைய கவுன்சில் கணக்குக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. இறந்தவள் ஒழுங்காகக் கட்டினாள். உயிரோடிருப்பவர் கடனாளி.

ரசல் முகத்தில் வெளிச்சம். "பாத்தீங்களா சார், முடிஞ்சுது."

"ஒரு நிமிஷம்," என்றது போன். "அவங்க கணக்கை மூடி, பணத்தை உங்க கணக்குக்கு மாத்தணும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"மூடினா?"

"அப்புறம் அவங்க பேருக்கு எதுவும் வராது சார்."

கிளிஃபோர்டு ரசலைப் பார்த்துத்தான் பேசினார். "அவ பேருக்கு எழுதுறதை நூலகம் நிறுத்திடுச்சு. பல் டாக்டர் நிறுத்திட்டாரு. துணிக்கடைப் புத்தகம்கூட நின்னுபோச்சு. வருஷத்துக்கொரு தரம் இந்தக் கவுன்சில்காரங்கதான் எழுதுறாங்க. உறை மேலயே போட்டிருக்கும், திருமதி எனிட் ஓல்ட்ராய்ட், உங்கள் பணத்துக்கு நன்றின்னு."

"அதை மட்டும் பிரிப்பீங்களா சார்?"

"அது அவ பேருக்கு வர்றது. நான் எப்படிப் பிரிக்கிறது?"

போன், "சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது.

5

இங்கே நிறுத்திவிட்டு எத்தனையோ முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவர் சரி என்கிறார். ரசல் வண்டியைக் கிளப்புகிறார். கதவு அன்று முதல் தடையில்லாமல் திறக்கிறது. நல்ல முடிவு. ஆனால் எழுதியபோது அந்த வீடு எனக்கு இன்னும் கொஞ்சம் காலியாகத் தெரிந்தது.

அவர் மாட்டேன் என்கிறார். ரசல் மறுபடி வருவார், மறுபடி ஜன்னல் ஏறும், மறுபடி டீ. எவ்வளவு காலம் ஒரு மனிதர் தன் வீட்டில் ஜன்னல் வழியாகவே வாழ முடியும்? இதையும் எழுதி, கிளிஃபோர்டு தன் டிவி போவதைப் பார்த்து நிற்கும் இடம் வந்ததும்—

போன் பெண் விதியை வளைத்து எனிட் கணக்கில் ஒரு பென்னிக் காசை மட்டும் விட்டுவைக்கிறாள். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே இதை நம்பவில்லை.

6

நடந்ததைச் சொல்கிறேன், ஒன்றைத் தவிர.

கிளிஃபோர்டு போனை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு ஜன்னலை இறக்கினார். அதை அவர் மூடியதன் நோக்கம் எனக்குப் புரிந்தது. ஆனால் மெல்லிய ஒற்றைக் கண்ணாடி, சத்தத்தைத் தடுக்காது. அவருக்கோ காது மந்தம், அதனால் கத்தித்தான் பேசுவார். அவர் சொன்ன பதிலும், அதற்குப் பின்னால் போனிடம் அல்லாமல் வேறொருத்தியிடம் சொன்ன நாலு வார்த்தைகளும், சுவரில் உட்கார்ந்திருந்த ரசலுக்கும் கொடியடியில் நின்ற எனக்கும் துல்லியமாகக் கேட்டன. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஜன்னல் ஏறியது. கிளிஃபோர்டின் கண்கள் சிவந்திருந்தன.

"கேட்டுச்சா?" என்றார், இருவரையும் பார்த்து.

ரசல் கோப்பையைக் கட்டையில் வைத்தார். "இல்லையே சார். மழைச் சத்தத்துல ஒண்ணும் விளங்கலை."

தலைக்கு மேல் ஒரு மேகம் இல்லை. தெரு முழுக்க விரிப்புகள் காய்ந்து விறைத்துத் தொங்கின. கிளிஃபோர்டு என்னைப் பார்த்தார். இந்தத் தெருவில் எந்தச் செய்தியும் என்னைத் தாண்டிப் போகாது என்பது அவருக்குத் தெரியும்.

"உனக்குக் கேட்டுச்சா, கண்ணு?"

"செம மழை, கிளிஃபோர்டு," என்றேன். "துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு."

ரசல் அதற்குப் பிறகும் வந்தார். வேலையாகவா, டீக்காகவா என்று கேட்காதீர்கள். கிளிஃபோர்டு என்ன பதில் சொன்னார் என்று எதிர் வீட்டார் கேட்டார்கள், முடிதிருத்தும் கடையில் கேட்டார்கள், என் மகள் கேட்டாள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கதையை முதலில் மழையோடு தொடங்கியதும் அதனால்தான். அந்தப் பொய்யை அவ்வளவு முறை சொல்லிவிட்டேன்.

இவ்வளவு தூரம் என்னோடு சுவரோரம் நின்று கேட்ட நீங்களும், அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு பதிலை மனதில் வைத்திருப்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். கிளிஃபோர்டு எப்போதாவது ஜன்னலைத் தூக்கி உங்களிடம் கேட்டால் மட்டும், மழை என்று சொல்லிவிடுங்கள்.