மாப்பிள்ளையின் பெயர்

என் பெயர் கோக்கா. வேட்டை என்று சொன்னால் போதும், எனக்குப் பசி மறந்துவிடும். பொம்பளைக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று முகம் சுளிப்பவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களும் நான் தடம் பார்த்துக் கண்டுபிடித்த மானின் கறியைத் தின்றவர்கள்தான். பல் இடுக்கில் இன்னும் இருக்கும், குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வழக்கத்தில் பெண் வில்லையும் தொடக்கூடாது, அம்பையும் தொடக்கூடாது. தடம் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். சிறுமியாக இருந்தபோது அம்மா என் கையில் தோண்டுகோலைக் கொடுத்துக் கிழங்கு எடுக்க அனுப்புவாள். போகிற வழியில் முயல் தடம் ஒன்று குறுக்கே வரும். அவ்வளவுதான், கிழங்கு அம்போ. மாலையில் வெறும் பையோடு திரும்புவேன்.

"கிழங்கு எங்கடி?" என்பாள் அம்மா.

"முயலுக்கு முன்னங்கால்ல முள்ளு ஏறியிருக்கும்மா. நொண்டிக்கிட்டே போயி..."

"அப்ப ராத்திரிக்கு அந்த முள்ளை அவிச்சுத் தின்னு."

அப்பாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது. துணைக்கு ஆள் வேண்டுமே என்று என்னைக் கூட்டிப் போனார். அவர் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. காட்டில் வாயே திறக்கமாட்டார். அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். தடத்துக்குள் சரிந்த மணல் ஈரமா காய்ந்ததா, அதன் மேல் வண்டு நடந்திருக்கிறதா, மிதிபட்ட புல் நிமிர்ந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

டெபேயைக் கட்டிக்கொண்டதே வேட்டைக்காகத்தான். குறி தப்பாத கை. ஆனால் எய்த மானைத் தேடிப் போய், சுற்றோ சுற்றென்று சுற்றி, காலையில் தான் மூட்டிய நெருப்புக்கே வந்து சேர்ந்த மனிதர். எங்கள் அம்பில் விஷம் தடவியிருக்கும். பட்ட மான் உடனே விழாது. நடந்து நடந்து மறுநாள் எங்கேயோ போய்த்தான் விழும். எய்வது பாதி வேட்டை, மீதிப் பாதி மணலில் கிடக்கிறது. அந்தப் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளை பெற்ற காலம் தவிர, அவர் எய்யாமலும் நான் தேடாமலும் ஒரு பருவம் போனதில்லை.

ஒரே ஒரு குறை. யாருடைய அம்போ அவருடைய கறி; கூறு போட்டு எல்லோருக்கும் கொடுப்பது அவர் பொறுப்பு. அம்பைப் பெண் தொடத்தான் கூடாது, சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அம்பு கொடுத்து, பிறகு அதையே கடன் வாங்கி எய்வார்கள். டெபே எனக்கு ஒரு முறைகூடக் கொடுத்ததில்லை. கேட்டால், "ஏற்கெனவே உன் தலை கனம் தாங்கல. அம்பும் குடுத்தா கழுத்து ஒடிஞ்சிரும்" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும்.

அப்புறம் அவர் கண்ணில் புகை மண்டியது. டாக்டரிடம் வா என்றால், "இத்தனை வருசம் உன் மூஞ்சியத்தான பாத்தேன், பாத்தது போதும்" என்று படுத்துக்கொண்டார். அவரால் எய்ய முடியாது, என்னால் வில்லைத் தொட முடியாது. நான் மற்றப் பெண்களோடு கிழங்குக்குப் போனேன். கிழங்கு ஓடுவதில்லை, ஒளிவதில்லை, ஏமாற்றுவதில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

இந்த நேரத்தில்தான் எங்கள் மகள் உக்காவுக்கு மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளை என்பவர் பெண் வீட்டோடு தங்கி, வருஷக்கணக்கில் மாமனார் மாமியாருக்கு வேட்டையாடிப் போட வேண்டும். நல்ல வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது. அதனால் அவர் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். இந்த இரண்டு வழக்கத்தையும் ஏற்படுத்தியவர்கள் தடம் பார்க்கும் மாமியாரைக் கண்டதில்லை போலிருக்கிறது.

மாப்பிள்ளை மாடு வளர்க்கும் ஹெரேரோ இனத்தார் ஒருவரின் பண்ணையில் வளர்ந்தவர். குதிரை ஓட்டுவார், தண்ணீர் பம்பைக் கழற்றி மாட்டுவார், அம்பும் நன்றாக எய்வார். ஆனால் மாடு தேடிய கண்ணுக்கு மான் தடம் தெரியவில்லை. முதல் முறை, "பெரிய மான்! எருது கணக்கா இருக்கு!" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். ஊரே கப்சிப் ஆகிவிட்டது. எய்தவன் வாயை மூடிக்கொண்டு நெருப்போரம் உட்கார வேண்டும், கறி வந்தால் மட்டமான கறி என்று மற்றவர்கள் திட்ட வேண்டும், அதுதான் மரியாதை. அன்று திட்டக்கூட வழியில்லை. அம்பு பட்ட மானை அவர் துரத்தியிருக்கிறார். அது தலைதெறிக்க ஓடி எங்கோ விழ, கழுதைப்புலிகள் தின்று தீர்த்துவிட்டன. அடுத்த மானும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

"மாப்பிள்ள கழுதப்புலி வீட்டுலதான் பொண்ணு எடுத்திருக்காரு போல. அங்கதான் ஒழுங்கா கறி போய்ச் சேருது" என்றாள் டெபேயின் தங்கை துக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உக்கா என்னை முறைத்தாள்.

டெபே சிரிக்கவில்லை. "இன்னொரு மான் இப்பிடிப் போச்சுன்னா அவரு அவங்க ஊரைப் பாத்துக் கெளம்பட்டும். நம்ம புள்ளைக்கு வேற ஆள் பாப்போம்" என்றார். சொன்னால் செய்கிற மனிதர். உக்கா அழுதாள். நானும் கூட அழுதேன். மகளுக்காகத்தான் என்று ஊரார் நினைத்தார்கள். மாப்பிள்ளை போனால் எங்கள் வீட்டில் வில் இருக்காது, வில் இல்லாவிட்டால் நான் சாகும்வரை கிழங்குதான். அதை நினைத்துத்தான் அழுதேன்.

ஒரு நாள் மாலை மாப்பிள்ளை வந்து பேசாமல் நெருப்போரம் உட்கார்ந்தார். உக்கா என்னிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, நீளக்கொம்பு மானாம். வயித்துல பட்டிருக்காம். தொரத்தலையாம்!"

காலையில் கிளம்பினேன்.

"எங்க?" என்றார் டெபே. கண் போனாலும் காது எலிக்காது.

"கெழங்குக்கு."

"கெழங்குக்கு எதுக்கு ரெண்டு குடுவை தண்ணி?"

"பெரிய கெழங்கு. யோவ், நீயும் எந்திரி."

"குருடன் வந்து என்னத்தப் புடுங்க?"

"வாய் இருக்குல்ல, அது போதும். நான் உங்கிட்ட சொல்லுவேன், நீ மாப்பிள்ளகிட்ட சொல்லணும்."

அப்படித்தான் போனோம். முன்னால் நான், என் தோண்டுகோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு டெபே, கல்லெறி தூரம் தள்ளிப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாப்பிள்ளை. உப்புப் பள்ளத்தருகே மான் கூட்டத்தின் தடங்கள் குழம்பிக் கிடந்தன. மாப்பிள்ளை கூட்டம் போன பக்கம் நடந்தார்.

"அவங்கள நிக்கச் சொல்லு. அடிபட்டது கூட்டத்தோட போவாது, நெழலுக்கு ஒதுங்கும். பின்னங்கால இழுத்திருக்கு, இங்க."

டெபே திரும்பிக் கத்தினார்: "மாப்பிள்ள! மாடு மேய்க்கப் போறீங்களான்னு அத்தை கேக்குது!"

"யோவ், நான் அப்பிடியா சொன்னேன்?"

"சுருக்கிச் சொன்னேன்."

வெயில் ஏறியதும் டெபே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தோண்டுகோலால் காலில் குத்தியும் அசையவில்லை. "என்னால ஆவாது. ரெண்டு பேரும் போங்க. காடு பாத்தா யாருகிட்ட போய்ச் சொல்லப்போவுது?" என்றார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் தரையைத்தான் பார்த்தேன். ஆனால் என் தரையில் தடம் இருந்தது. அது புத்தம்புதிதாக இருந்தது, விளிம்பு இன்னும் சரியவில்லை. திரும்பிப் போக என் கால் மறுத்துவிட்டது. மாப்பிள்ளையோடு பேசத்தானே கூடாது? நான் மானோடு பேசினேன்.

"ஏ கொம்பா, இங்க படுத்து எந்திரிச்சியா? ரத்தம் கறுத்துப் போச்சே உனக்கு."

பின்னாலிருந்து மெல்ல மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "கொம்பா, இப்ப நீ எந்தப் பக்கம் போயிருக்க?"

"முள்ளுப்பொதர் பக்கம் போயிருக்க. தள்ளாடுற. இனி ரொம்ப தூரம் உன்னால முடியாது."

இப்படியே பேசிப் பேசிப் போனோம். எனக்குக் காலே வலிக்கவில்லை. விட்டிருந்தால் பாடியிருப்பேன்.

முள்ளுப்புதருக்கு முன்னால் மான் படுத்திருந்தது. கழுத்து தொங்கியிருந்தது. நான் ஒதுங்கி நின்றேன். ஈட்டியோடு மாப்பிள்ளை என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். மான் முடிந்துவிட்டது என்று நினைத்து நேராகவே போனார். எனக்கு அதன் பின்னங்குளம்பு தெரிந்தது. மணலில் ஊன்றியிருந்தது. சாகிற மான் குளம்பை ஊன்றாது.

மானிடம் பேச நேரமில்லை. மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பெயரை விட்டுவிட்டு மீதியைச் சொல்கிறேன்:

"கொம்பு வருது! வலது பக்கம் விழுடா! விழுடா!"

அவர் விழுந்தார். அவர் நின்ற இடத்தைக் கொம்புகள் இரண்டும் கிழித்துக்கொண்டு போயின. மான் நாலெட்டு போய்த் தடுமாறித் திரும்பியது. அவர் எழுந்து பக்கவாட்டில் ஈட்டியை இறக்கினார். அது விழுந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பெயர் சொன்னது ஒரு பக்கம், மாப்பிள்ளையை "டா" போட்டது இன்னொரு பக்கம். அவர் செத்திருந்தால் உக்காவின் முகத்தில் எப்படி விழித்திருப்பேன் என்று அப்போதுதான் நினைத்தேன். கிழங்கு, வில் எதுவும் அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை.

அவர் எழுந்து அம்புமுனையை அறுத்து எடுத்தார். புல்லால் துடைத்து, வழியில் கழன்று கிடந்ததைப் பொறுக்கி வைத்திருந்த அம்புக்காம்பில் செருகி, எனக்கும் மானுக்கும் நடுவில் மணலில் நட்டு வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. மானைப் பார்த்துச் சொன்னார்.

"கொம்பா, இந்த அம்பு இனிமே எங்க அத்தையோடது."

நான் எழுந்து கிளை ஒடிக்கப் போனேன். மானைக் கிளைகளால் மூடிவிட்டு, கறி சுமக்க ஆள் கூட்டிவரத் திரும்பினோம். வழியில் மரத்தடியில் டெபே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாப்புல இருந்துச்சே."

"மானைக் கூப்பிட்டேன்" என்றேன்.

"ஓகோ. மானுக்கும் அதே பேரா?"

மாப்பிள்ளை இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல்.

கறி ஊருக்கு வந்ததும் துக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இதுக்கா என் புருசனைச் சுமக்கக் கூட்டிட்டுப் போனீங்க? தோலும் எலும்புமா கெடக்கு. கழுதப்புலிகூட வேணாம்னு விட்டுட்டுப் போயிருக்கு!"

"ஆமா சித்தி, கெழட்டு மான். தப்பு என்மேலதான்" என்றார் மாப்பிள்ளை பணிவாக. துக்காவுக்கு முகமெல்லாம் பல். உக்கா அன்று தரையில் நடக்கவே இல்லை.

எய்தபோது அம்பு மாப்பிள்ளையுடையது என்பதால் கூறு போட்டது அவர்தான். மணலில் நட்ட அம்பையும் அவர்தான் சுமந்து வந்தார்; டெபே அதை வாங்கி எங்கள் குடிசைக் கூரையில் செருகினார். நான் தொடவில்லை. படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "கழுத்து ஒடிஞ்சிருச்சா?" என்றார் டெபே. "இன்னும் இல்ல" என்றேன்.

கறி தீர்ந்த மறுநாள் விடிந்ததும் உக்கா வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அவரு கேட்டு வரச் சொன்னாரு. உங்க அம்பைக் கடனாக் குடுப்பீங்களாம்மா?"

"அம்பு தனியா எங்கயும் போவாதுன்னு சொல்லு" என்றேன்.

டெபே ஏற்கெனவே எழுந்து தோண்டுகோலைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். குடுவைகள் இரண்டிலும் முந்தின நாள் மாலையே தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன்.