பதினேழு கத்திகளில் மூன்று

என்னிடம் பதினேழு கத்திகள் இருக்கின்றன. ஓமந்தையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துவதற்கு மூன்று கத்தி தாராளம். மீனுக்கு ஒன்று, மரக்கறிக்கு ஒன்று, இளநீர் வெட்ட ஒன்று. மிச்சம் பதினாலும் எதற்கு என்று சாப்பிட வருகிறவர்கள் கேட்டால், “கறி சரியில்லை எண்டு சொல்லுற ஆக்களுக்கு” என்பேன். பேசாமல் குனிந்து சாப்பிடுவார்கள். பத்மாசனி அக்கா மட்டும் கேட்பதில்லை. ஏழு வருடமாக என்னோடு சேர்ந்து சமைக்கிறவர் அவர். பதில் தெரிந்தவர் எதற்குக் கேட்க வேண்டும்?

பதில், இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு வவுனியாவிலிருந்து சைக்கிளில் வரும்.

வினோதன் சாணை பிடிக்கிறவர். கடைக்கு முன்னால் நிற்கிற வேம்பின் கீழ் சைக்கிளைக் கொண்டுவந்து, பின்சில்லைத் தாங்கியில் தூக்கி நிறுத்துவார். சில்லில் சுற்றிய வாரை எடுத்து, கைபிடிக்கு முன் பூட்டியிருக்கிற சாணைக்கல்லில் மாட்டுவார். பிறகு ஏறியிருந்து மிதிப்பார். சில்லுச் சுழலும், கல்லுச் சுழலும், சைக்கிள் மட்டும் ஓரிடமும் போகாது. ஏ-ஒன்பது வீதியில் பஸ்ஸும் லொறியும் வாலில் நெருப்பு வைத்ததுபோல ஓடிக்கொண்டிருக்கும். அவர் ஒருவர்தான் இருந்த இடத்திலேயே மிதித்துக்கொண்டிருப்பார். அதைக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்குக் கண் சொருகும். நித்திரையில்லை அது. நித்திரைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு இடம்.

எனக்கு நாற்பத்தொரு வயது. கலியாணப் பேச்சுக்கால் வந்த வயதில் அகதி முகாமில் இருந்தேன். முகாமை விட்டு வந்த பிறகு, படுக்கையில் விழுந்த அம்மாவின் வருத்தம். அம்மா போன பிறகு இந்தக் கடை. அதைச் சொல்லி மூக்கைச் சிந்துகிற ஆள் நானில்லை. ஆனால் வினோதன் முதல் நாள் மீன்கத்தியைத் தீட்டிவிட்டு, “அக்கா, இதுக்கு இனி ஆறு மாசத்துக்குச் சாணை வேணாம்” என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்த மனிதர் அக்கா என்றால் யாருக்குத்தான் வராது? அதோடு, ஆறு மாதமாம். வியாபாரம் செய்யத் தெரியாத மனிதர்.

அடுத்த முறை வரும்போது என்னிடம் இன்னொரு கத்தி இருந்தது. அதற்கடுத்த முறை இன்னொன்று. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில், அம்மாளைக் கும்பிட்ட கையோடு கடைவீதியில் இரண்டு வாங்கினேன். முல்லைத்தீவில் மீன் வாங்கப் போய் மீனை மறந்து கத்தியோடு வந்தேன். கிளிநொச்சியில் லொறி வில்லுத்தகட்டில் அடித்த ஒன்று. அதைத் தூக்க ஒரு கையும் தூக்கியதை நினைத்து நோக இன்னொரு கையும் வேண்டும். ஒருமுறை பல்லு வைத்த பாண் கத்தியைக் கொடுத்தேன். அதைச் சாணைக்கல்லில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நின்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சைக்கிளை விட்டிறங்கி, கடை வாசலில் கிடக்கிற வாங்குப் பலகையில் வந்திருந்து, ஒரு மெல்லிய அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவினார். ஒன்றரை மணித்தியாலம். நான் இரண்டு தேத்தண்ணி கொடுத்தேன்.

கத்தி வாங்க ஊர்கள் முடிந்த பிறகு செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. புதன்கிழமைகளில் கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் கத்திகளை உரஞ்சி மழுங்கடித்தேன். நல்ல வாயுள்ள கத்தியைக் கெடுப்பது பாவம். அந்தப் பாவத்தை ஒன்றரை வருடம் செய்தேன்.

அக்கா என்பது மெல்ல மெல்ல அவர் வாயிலிருந்து கழன்று போனது. அதற்குப் பதிலாக அவர் எதையும் வைக்கவில்லை. எனக்கும் அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவர் நேரத்தோடு வந்திருந்த ஒருநாள், தேத்தண்ணி ஆறுகிறதே என்ற அவதியில், கடை நிறைய ஆட்கள் இருக்க, “இஞ்சாருங்கோ!” என்று கூப்பிட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் அப்படி ஒருவரைத்தான் கூப்பிடுவாள். சோற்றுக்குள் இருந்த கைகள் எல்லாம் நின்றன. வினோதனின் தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வவுனியாவுக்கு வந்தவர்கள். இந்தச் சொல்லின் பாரம் அவருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்குத் திரும்பி, “என்னங்க?” என்றார். அவர்கள் பக்கத்தில் அதுவும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். பத்மாசனி அக்கா பருப்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு அடுத்த வியாழன்வரை ஓயவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். போன வியாழக்கிழமை அவர் வந்து, சில்லைத் தூக்கி நிறுத்தாமலே நின்றார்.

“இன்னைக்குத்தாங்க கடைசி” என்றார். “திருகோணமலையில கூட்டாளி ஒருத்தர் வெல்டிங் கடை போட்டிருக்காரு. திங்கக்கிழமை அங்க வேலைக்குச் சேரணும். இந்தச் சைக்கிளக் குடுத்துட்டேன். நாலு மணிக்கு ஆள் வீட்டுக்கு எடுக்க வருது.”

நேரம் இரண்டரை. வவுனியாவுக்குத் திரும்பி மிதிக்க ஒரு மணித்தியாலம் வேண்டும்.

“எல்லாத்தையும் பிடிக்க நேரம் பத்தாது. மூணு பிடிக்கலாம். உங்களுக்குப் பிடிச்சதா மூணு எடுத்துட்டு வாங்க.”

“ஓம், பொறுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வேறு என்ன சொல்வது? போகவேண்டாம் என்று சொல்ல நான் யார்?

அறைக்குள் பாயை விரித்துப் பதினேழையும் அடுக்கினேன். தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டைகளால் வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கி ஒவ்வொரு அலகிலும் விழுந்தது. குனிந்தபோது கத்திக்கு ஒரு துண்டாக நான் தெரிந்தேன். ஒன்றில் நெற்றி, ஒன்றில் காது, வற்றாப்பளைக் கத்தியில் ஒரு கண். வெளியே வேப்பமரத்தில் காற்று அசைய, பொட்டுகளும் அசைந்தன. பாய் முழுக்கத் தண்ணீர் ஓடுவதுபோல இருந்தது.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே அவர் மிதிக்கத் தொடங்கிவிட்டார் போல ஒரு சத்தம் கேட்டது. வெறும் கல்லு சுழல்கிற சத்தம். அந்தச் சத்தத்தில் கடை மெல்ல நகர்ந்தது. அவர் வேம்பின் கீழ் இருந்தபடியே மிதிக்கிறார். நான் பின்கரியரில் ஒரு பக்கமாக இருக்கிறேன். போகிறது நாங்களில்லை, ஊர்தான். புளியங்குளம் எங்களைக் கடந்து போகிறது. மாங்குளம் போகிறது, முறிகண்டியில் யாரோ கச்சான் கடலைச் சரையை நீட்டுகிறார்கள், வாங்குவதற்குள் அதுவும் போகிறது. கிளிநொச்சியில் என் அண்ணன் வீட்டுப் படலையில் நின்று, “ஆர், என்ன ஆக்களெண்டு விசாரிச்சனியோ?” என்று கேட்கிறார். நான் பதில் சொல்ல வாயெடுக்க அண்ணனும் படலையோடு பின்னால் போய்விடுகிறார். பிறகு ஆனையிறவு. இரண்டு பக்கமும் உப்பு வெள்ளை. அங்கே ஊர் ஓய்ந்து நின்றுவிட, அவர் மட்டும் மிதித்துக்கொண்டேயிருக்கிறார். திரும்பிப் பார்ப்பார் என்று நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“கத்தியை எடுக்கிறியோ, கனாக் காணுறியோ?”

பத்மாசனி அக்கா வாசலில் நின்றார். கையில் கழுவின கோப்பைகள்.

“எதை எடுக்கிறதெண்டு தெரியேல்லை அக்கா.”

“எது நல்லா வெட்டுதோ அதை எடு. கத்தியில வேறை என்ன கிடக்கு?”

அங்கேதான் சிக்கல். நன்றாக வெட்டுவது முல்லைத்தீவுக் கத்தி. அதை எடுக்க மனம் வரவில்லை. அதை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். பாண் கத்தி வெட்டவே வெட்டாது, பிய்க்கும். ஆனால் கை அதற்குத்தான் போனது. லொறித் தகட்டுக் கத்தி எனக்குப் பிரயோசனமில்லாதது. ஆனால் அதைத் தீட்டிய அன்றுதான் மழை பிடித்து, அவர் நாலரை மணிவரை கடைக்குள் இருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது ஒன்றும் கத்தியே இல்லை. அவர் கனநேரம் கையில் வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த மனிதரைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. பாயில் இருந்தபடி இதை முழுசாக எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

பதினேழாவது பாயின் கடைசியில் கிடந்தது. கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற, நுனி வளைந்த கத்தி. மாசி மாதத்தில் அவர்தான் கொண்டுவந்தார். “அப்பாவோடது. என்கிட்டச் சும்மா கிடக்குது. உங்க கத்திங்களோட இருக்கட்டும்” என்று வாங்கில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் போனார். தகப்பன் விட்டுப்போன ஒரே சாமானை ஒருவர் ஒருத்தியிடம் வைத்துவிட்டுப் போகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நான், “நல்ல கத்தி” என்றேன். விசரி!

“அந்த மனுசன் வெறுங்கல்லைச் சுத்திக்கொண்டிருக்குது” என்றார் அக்கா, கோப்பைகளை அடுக்கியபடி. “நேரம் மூண்டாகப் போகுது.”

நான் அதை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

வினோதன் கல்லை நிறுத்தினார். என் கையைப் பார்த்ததும் அவருடைய முகம் விழுந்துவிட்டது. சைக்கிளை விட்டு மெல்ல இறங்கினார்.

“திருப்பித் தர்றீங்களா?”

“இல்லை. சாணைக்கு.”

“மூணு கேட்டேனே.”

“எனக்குப் பிடிச்சது இதுதான்.”

அவர் குனிந்து, தொடாமலே அலகைப் பார்த்தார். அவருடைய வாயோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“இதுக்குச் சாணை தேவையில்லைங்க. இத ஒண்ணத்தான் நீங்க சீமெந்துல தேய்க்கல.”

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். “எப்ப தொடக்கம் தெரியும்?” என்று கேட்டேன்.

“நீங்க தேய்ச்ச ரெண்டாவது தடவையே. சீமெந்துக் கீறல் தனியாத் தெரியும். சரி, என்னத்துக்கோ வரச் சொல்றாங்கன்னு வந்துட்டேயிருந்தேன். நீங்களா ஒண்ணும் சொல்லல. அப்பாவோடதையும் கொண்டுவந்து வச்சுப் பார்த்தேன். நல்ல கத்தின்னீங்க.” அவர் சைக்கிளின் கைபிடியைத் துடைத்தார். “அதுக்கு மேல நான் எப்பிடிங்க கேக்கிறது? உங்க ஆளுங்களுக்கும் எங்களுக்கும் சரி வராதுன்னு நானே நினைச்சுக்கிட்டேன்.”

கத்தியை, பிடி அவர் பக்கம் இருக்க, நீட்டினேன்.

அவர் கை நீட்டவில்லை. வாங்கைக் காட்டினார். “வச்சிடுங்க, எடுத்துக்கிறேன்.”

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. அவருடைய ஆட்களும் அதைப் பார்ப்பார்கள், எங்களுடைய ஆட்களும் பார்ப்பார்கள். ஒருவர் வைக்க மற்றவர் எடுக்க வேண்டும். இரண்டு வருடமாக எல்லாக் கத்தியும் அந்த வாங்கில் ஏறி இறங்கித்தான் எங்களுக்கிடையில் போய்வந்தது. ஒருநாளும் விரல் பட்டதில்லை.

நான் நீட்டின கையை மடக்கவில்லை.

“கையில தந்தா சண்டை வரும்பாங்க” என்றார் வினோதன் மெதுவாக.

“வரட்டும்” என்றேன். “சண்டை பிடிக்கிறதுக்கு ஆள் பக்கத்தில இருக்க வேணுமெல்லோ. திருகோணமலையில இருந்துகொண்டு என்னோட எப்பிடிச் சண்டை பிடிப்பீங்கள்?”

அவருடைய சட்டைப் பையில் கைபேசி அடித்தது. சைக்கிள் வாங்குகிறவராக இருக்கும். அது அடித்து ஓயும்வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டிக் கத்தியின் பிடியைப் பற்றினார்.

நான் உடனே விடவில்லை.