மாடியில் ஓடிய மோட்டார்

கணவர் போய்ச்சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய சட்டை, செருப்பு, கைத்தடி, பாதி தீர்ந்த மருந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிட்டாள் கண்ணாடிக் கடைக்காரி. “நெஞ்சழுத்தம்னா இவளுக்குத்தான்” என்று நாத்தனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மூக்குக்கண்ணாடிக்குப் பிரேம் மாற்ற வருகிறவர்கள் வரை அந்தப் புகழ் பரவிவிட்டது. அவளும் அதை மறுக்கவில்லை.

காற்று மெத்தையைப் பற்றி மட்டும் அவள் மூச்சு விடவில்லை. படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு முதுகு புண்ணாகாமல் இருக்கப் போடுகிற மெத்தை அது. கட்டிலடியில் ஒரு சின்ன மோட்டார் ஓயாமல் ஓடி, ஒரு வரிசைக்குக் காற்றை ஏற்றும், அடுத்த வரிசையில் இறக்கும். ஆள் இல்லாத கட்டிலில் அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கையை வைத்துப் படுத்தால்தான் அவளுக்குக் கண் அசந்தது. கடைக்குப் போகும்போதுகூட அணைக்க மனசு வராது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

கீழ்வீட்டு பஸ் டிரைவர் ஒருநாள் மாடிப்படியில் தயங்கி நின்றான்.

“அக்கா, அண்ணனுக்கு வாங்கினீங்களே, அந்தக் காத்து மெத்தை இருக்கா? அப்பாவுக்கு முதுகுல புண் வந்துடுச்சு. கடையில விலை கேட்டேன், இப்போதைக்கு முடியாது போல.”

“அதை அப்பவே முதியோர் இல்லத்துக்குக் குடுத்துட்டேனேப்பா.”

பொய் கூசாமல் வாயில் வந்து நின்றது. அவன் கேட்காத முதியோர் இல்லம் வேறு கூடவே வந்தது. “பரவாயில்லக்கா” என்று அவன் இறங்கிப் போனான். அவள் மேலே வந்து மெத்தையில் கை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் கடை விடுமுறையன்று டிரைவரின் மனைவி போன் செய்தாள். அவன் வேலைக்குப் போயிருந்தான். “மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும், ஒத்தை ஆளால முடியலக்கா.”

இவளுக்குப் பழகின வேலை. போனாள். இருவருமாகப் பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். இடுப்புக்கு மேலே கட்டு ஈரமாகியிருந்தது. அதைப் பிரித்தபோது அவளால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் காதில் விழுந்தது. மேலேயிருந்து, கூரை வழியாக, விடாமல் ஒரு ரீங்காரம். அவளுடைய மோட்டார்.

மருமகள் நிமிரவில்லை. புதுக் கட்டுப் போட்டு, பிளாஸ்திரியை மறுபடி மறுபடி நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது இவளுக்கு.

மேலே ஓடினாள். சுவிட்சை அணைத்தாள். மெத்தை புஸ்ஸென்று அடங்கியது. இந்த முறை ஏறவில்லை. அதைச் சுருட்டி, மோட்டாரை இடுக்கிக்கொண்டு கீழே வந்து நின்றாள்.

“இல்லத்துல... வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க” என்றாள். இன்னொரு பொய். வெட்கங்கெட்ட வாய்.

“அப்படியாக்கா? நல்லவேளை” என்று மருமகள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

மெத்தையை விரித்துப் பெரியவரைக் கிடத்தி மோட்டாரைப் போட்டார்கள். முதல் வரிசை ஏறியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இவள் வாசல்வரை போய்விட்டாள். திரும்பி வந்தாள்.

“ஐயா, இது எங்கேயும் போகலை. என்கிட்டதான் இருந்துச்சு.”

“தெரியும்மா” என்றார் பெரியவர்.

மருமகள் குனிந்தபடியே சொன்னாள்: “மேலே மோட்டார் சத்தம் கேக்குதேன்னு போய்க் கேட்டுடலாம்னுதான் அவர் கிளம்பினார். மாமாதான் விடலை. ‘அந்தப் பொண்ணு அதை வச்சுத்தான் தூங்குது போல, விட்டுடு’ன்னுட்டார்.”

அந்த முதுகை வைத்துக்கொண்டா? இவளுக்கு முகம் எரிந்தது. கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பெரியவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்: “இனிமே உனக்குத் தூக்கம் வருமாம்மா?”

வரும் என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொன்ன பொய்யே போதும் என்று இருந்தது. “தெரியலைங்கய்யா” என்றாள்.